வாழ்ந்ததை எழுதுவது: பெண் எழுத்தாளர்களின் அனுபவமும் எழுத்தும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத நினைக்கும் பெண்களும், பெண்கள் எழுதியதை விரும்பி வாசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் நீண்டுவிட்டது. சிலவற்றுக்கு இரண்டு வரியே போதும்.

எனக்கு நடந்ததை அப்படியே எழுதினால் போதாதா?

அப்படியே எழுத யாராலும் முடியாது. ஒரே ஒரு நாளில் நடந்த அத்தனையையும் எழுதப் போனாலும் அதற்கு முடிவிருக்காது. பேனாவை எடுத்த நொடியிலேயே எதை விடுவது, எங்கே தொடங்குவது, யார் வாயால் சொல்வது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். அதைத் தெரிந்து செய்கிறீர்களா, தெரியாமல் செய்கிறீர்களா என்பதுதான் விஷயம்.

நடந்தது உண்மை என்பதாலேயே அது நல்ல எழுத்தாகிவிடாது. ‘உண்மையிலேயே நடந்ததுங்க’ என்று எழுதியவர் அருகில் நின்று சொல்ல வேண்டியிருந்தால், எழுதிய பக்கத்தில் ஏதோ குறைகிறது என்று அர்த்தம். நடந்ததிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நின்று பார்ப்பது என்பதை எழுதுபவர் தீர்மானிக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி, ஏதோ ஒரு விதத்தில், இந்தத் தூரத்தைப் பற்றியதுதான்.

பல வருடங்களாக டைரி எழுதுகிறேன். அதையே புத்தகமாக்கலாமா?

டைரி நல்ல கையிருப்பு. ஆனால் அது உங்களுக்காக எழுதப்பட்டது. உங்களுக்குத் தெரிந்தது எதையும் அதில் நீங்கள் விளக்கியிருக்க மாட்டீர்கள்.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குப் பயந்து நெதர்லாந்தில் ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க். அவர் டைரியைப் பலரும் ஒரு சிறுமி எழுதியது அப்படியே அச்சானது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1944 மார்ச்சில், லண்டனிலிருந்து வந்த ஒரு வானொலி உரையில், போர்க்காலத்து டைரிகளையும் கடிதங்களையும் மக்கள் பத்திரப்படுத்த வேண்டும் என்று நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் கேட்டுக்கொண்டார். அதைக் கேட்ட ஆன், தன் பழைய குறிப்புகளை எடுத்து முதலிலிருந்து திருத்தி எழுத ஆரம்பித்தார். சில பகுதிகளை வெட்டினார், சிலவற்றை விரித்தார், கூட ஒளிந்திருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர்கள் வைத்தார். அப்போது அவருக்கு 14 வயது. ஆகஸ்டில் பிடிபடும் வரை அந்த வேலை நடந்தது. பதின்மூன்று வயதில் எழுதியதை ஏறத்தாழ இரண்டு வருடத்தில் வேறொருத்தியாக நின்று படித்துத் திருத்தியிருக்கிறார். டைரி புத்தகமானது அந்த இரண்டாவது முறையில்தான்.

உணர்ச்சியைக் கொட்டித்தானே எழுத வேண்டும்?

கொட்டலாம், முதல் வரைவில். வாசகருக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் உணர்ச்சியின் பெயர் இல்லை, அதைச் சுற்றியிருந்த பொருள்கள்தான். ‘அப்பா இறந்ததும் நான் நொறுங்கிப்போனேன்’ என்று எழுதினால் வாசகர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அப்பாவின் செல்போனுக்கு அடுத்த மாதமும் யாரோ கூப்பிட்டதையும், அதை எடுத்து என்ன சொன்னீர்கள் என்பதையும் எழுதிப் பாருங்கள். துக்கம் என்ற சொல்லே அங்கே தேவைப்படாது.

பிரெஞ்சு எழுத்தாளர் அன்னி எர்னோ 1983-இல் தன் தந்தையைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். ஆலைத் தொழிலாளியாக இருந்து சின்னக் கடை வைத்தவர் அவர் தந்தை. மகளோ படித்து ஆசிரியை ஆனவர். அந்த இடைவெளியை எழுதும்போது உருக்கமோ அலங்காரமோ வேண்டாம் என்று முடிவு செய்து, வீட்டுக்குக் கடிதம் எழுதுவது போன்ற தட்டையான நடையைத் தேர்ந்தெடுத்தார். படித்தவள் பாஷையில் தந்தையை அழகுபடுத்தினால், அது அவரைக் கைவிடுவது போலாகும் என்பது அவர் கவலை. 2022-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. உருக்கமில்லாத நடையில் எழுதியதைப் படித்து அழுதவர்கள் நிறைய.

வீட்டோடு இருப்பவள் நான். எழுதும் அளவுக்கு எனக்கு என்ன அனுபவம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் அதிகம். ஆண்கள் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

வங்காளி எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவி 1909-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகவில்லை, சகோதரர்கள் படிப்பதைப் பார்த்து எழுத்துக் கற்றவர். அவர் எழுதியது முழுக்க வீட்டுக்குள்ளே நடப்பதைத்தான்: யார் யாரிடம் எந்தக் குரலில் பேசலாம், எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், ஒரு சிறுமி கேள்வி கேட்டால் மூத்த பெண்களே அவளை எப்படி அடக்குவார்கள். மூன்று தலைமுறைப் பெண்களைப் பற்றி மூன்று நாவல்கள் எழுதினார். அதில் முதலாவதான ‘பிரதம் பிரதிஸ்ருதி’ 1964-இல் வந்தது. அதற்காக 1976-இல் ஞானபீட விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

தமிழில் அம்பை ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்று ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் அதிகாரம் எங்கே இருக்கிறது, அதை யார் அதிகாரம் என்று நம்ப வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை ஒரு சமையலறையை வைத்தே பேசிவிடுகிறது அந்தக் கதை. கதைக்கு ஊர் சுற்ற வேண்டியதில்லை. கூர்ந்து பார்க்கத் தெரிந்தால் ஒரு அறையே போதும்.

இங்கே ஒரு ஆபத்தும் உண்டு. வீட்டையே எழுதுபவர், வீட்டைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் சொன்னதையே சொல்லிவிடுவார். தியாகத்தாய், கொடுமைக்கார மாமியார், புரிந்துகொள்ளாத கணவன். உங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு எளிமையானவர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

எவ்வளவு காலம் காத்திருந்து எழுத வேண்டும்?

கணக்கு கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியனின் கணவர் 2003 டிசம்பர் 30-ஆம் தேதி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தபோதே மாரடைப்பில் விழுந்தார். அடுத்த அக்டோபரில் எழுதத் தொடங்கி, அந்த வருடம் முடிவதற்குள் டிடியன் புத்தகத்தை முடித்துவிட்டார். துக்கத்தில் மனம் செய்யும் விசித்திரமான தந்திரங்களை – திரும்பி வந்தால் வேண்டுமே என்று கணவரின் காலணிகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது மாதிரி – சூடாக இருக்கும்போதே பிடித்தால்தான் உண்டு. பத்து வருடம் கழித்து எழுதியிருந்தால் அவை மழுங்கியிருக்கும்.

இதற்கு நேர் எதிர் பிரெஞ்சு எழுத்தாளர் மார்கரித் துராஸ். பிரெஞ்சு இந்தோசீனாவில் கழிந்த தன் பதின்வயதை 1950-இல் ஒரு நாவலாக எழுதினார். கடல்நீர் புகும் நிலத்தை வாங்கி ஏமாந்த தாயின் கதை அது. அங்கே வரும் பணக்காரக் காதலன் ஓரத்தில் நிற்கும், சற்றுப் பரிதாபமான ஆள். 1984-இல், 70 வயதில், அதே காலத்தை ‘காதலன்’ என்ற நாவலாக மறுபடி எழுதினார். இப்போது அந்த ஆள் ஒரு சீனர், கதையின் நடுவிலேயே வந்துவிட்டார். எழுதுபவர் தன்னைச் சில இடங்களில் ‘நான்’ என்கிறார், சில இடங்களில் ‘அவள்’ என்கிறார். 1991-இல் மூன்றாவது முறையாகவும் எழுதினார். மூன்றும் ஒன்றோடொன்று முழுக்க ஒத்துப்போவதில்லை. எது நிஜம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் பெரிய ஆர்வமில்லை. ஒரு பெண்ணுக்குத் தன் பதினைந்து வயதைப் பார்க்க நாற்பது வருடத்தில் மூன்று கோணங்கள் கிடைத்தன என்பதுதான் வியப்பு.

எர்னோவும் இப்படித்தான். கருக்கலைப்பு சட்ட விரோதமாக இருந்த 1960-களில் அவர் பட்டதை 1974-இல் கற்பனைப் பாத்திரத்தின் பெயரில் நாவலாக்கினார். அதே அனுபவத்தை 2000-இல் தன்வரலாறாக, ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். முதல் முறை ஒளிந்து சொன்னதில் தவறில்லை. ஒருமுறை எழுதிவிட்டதால் அந்த அனுபவம் தீர்ந்துபோய்விடவும் இல்லை.

சுயசரிதையா, நாவலா? எதைத் தேர்ந்தெடுப்பது?

‘இது எனக்கு நடந்தது’ என்று சொல்வதில்தான் அந்த எழுத்தின் பலம் இருக்கிறது என்றால் சுயசரிதை. சாட்சி சொல்வது போன்ற எழுத்துக்கு அது தேவை. மற்றவர்களின் மனதுக்குள்ளும் போக வேண்டும், நடக்காமல் போனதையும் சொல்ல வேண்டும் என்றால் நாவல்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவையும் ஏராளம். இசபெல் அயெந்தே நாடு விட்டு வெனிசுவேலாவில் இருந்தபோது, சிலியில் தாத்தா சாகக் கிடக்கிறார் என்று தெரிந்து 1981 ஜனவரி 8 அன்று அவருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். குடும்பத்தின் கதைகள் எனக்கு ஞாபகமிருக்கின்றன, மறக்க மாட்டேன் என்று தாத்தாவுக்குச் சொல்ல நினைத்த கடிதம் அது. வளர்ந்து வளர்ந்து நாவலாகி அடுத்த வருடம் வெளிவந்தது. வடிவத்தை முடிவு செய்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றில்லை என்பதற்காகச் சொல்கிறேன். யாரிடம் சொல்கிறோம் என்பது முடிவானாலே பாதி வேலை முடிந்தது.

பெண் எழுதினாலே அது சொந்தக் கதைதான் என்கிறார்களே?

ஆமாம், சொல்கிறார்கள். கமலா தாஸ் 1973-இல் மலையாளத்தில் ‘என்டெ கதா’ (என் கதை) வெளியிட்டபோது வாசகர்கள் அதில் எது நடந்தது, யாரோடு நடந்தது என்று துருவினார்கள். எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்பது குறித்து அவரே வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு விதமாகச் சொல்லிவைத்தார். வேண்டுமென்றே செய்தார் என்றுதான் நினைக்கிறேன்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது: உண்மையைச் சொன்னால் கற்பனை என்பார்கள். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் ஜேக்கப்ஸ், எழுந்து நிற்கக்கூட முடியாத ஒரு பரணில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்து தப்பியவர். லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில் 1861-இல் தன் கதையை வெளியிட்டார். பிற்காலத்தில் பல ஆய்வாளர்கள் அது பதிப்பித்த வெள்ளைக்காரப் பெண்மணியே எழுதிய நாவல் என்று ஒதுக்கிவைத்தார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடி எடுத்து நிரூபித்த பிறகே அது ஜேக்கப்ஸின் வாழ்க்கை என்று ஏற்கப்பட்டது.

கற்பனை எழுதினால் ‘இது உன் கதைதானே’ என்பதும், வாழ்க்கையை எழுதினால் ‘இட்டுக்கட்டினாய்’ என்பதும் ஒரே சந்தேகத்தின் இரண்டு முகம். பெண்ணுக்குக் கைத்திறன் உண்டு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான். இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். எழுதுங்கள்.

வீட்டாரும் ஊராரும் கோபித்துக்கொள்வார்களே, என்ன செய்வது?

கோபிப்பார்கள். அதைத் தவிர்க்க வழி சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தலித் எழுத்தாளர் பாமா துறவற மடத்தை விட்டு வெளியே வந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த நாட்களில், தன் காயத்தை ஆற்றிக்கொள்ளத்தான் ‘கருக்கு’ எழுதினார். 1992-இல் அது புத்தகமானது. எழுதப்பட்ட ஊர்க்காரர்களுக்கே முதலில் கோபம் வந்தது, சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு அது தங்களைப் பற்றிய, தங்களுக்கான புத்தகம் என்று அவர்களே புரிந்துகொண்டார்கள். எல்லா ஊரும் இப்படி மனம் மாறும் என்று சொல்ல முடியாது.

பெயரை மாற்றுவது முதல் படி. தமிழில் இதற்கு இரண்டாயிரம் வருடத்துப் பழக்கம் இருக்கிறது. ‘மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். காதல் பாட்டில் ஆளின் பெயரைச் சொல்லக்கூடாது. அப்படியிருந்தும் அகநானூறு 147-ஆம் பாட்டில் ஔவையார் ‘வெள்ளிவீதியைப் போல’ என்று பெயர் சொல்லி, காதலனைத் தேடிப்போன சக கவிஞரை உவமையாக்கிவிட்டார். விதியை மீறத் துணிந்ததும் ஒரு பெண்தான்.

ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் ஆளை மறைக்க முடியாது. சார்லட் பிராண்டி தன் அக்காக்கள் இருவரும் நோயில் விழக் காரணமான விடுதிப் பள்ளியை, 1847-இல் வந்த ‘ஜேன் அயர்’ நாவலில் வேறு பெயரில் வைத்தார். தன் பெயரையும் கரர் பெல் என்று மாற்றிக்கொண்டார். ஆனாலும் அந்தப் பள்ளியைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தொழில், ஊர், வயது, பேச்சு வழக்கம் எல்லாவற்றையும் கலைத்துப் போட வேண்டும். இரண்டு பேரை ஒருவராக்கலாம், ஒருவரை இரண்டாக்கலாம். அவதூறு வழக்கு வருமோ என்ற பயம் இருந்தால் வெளியிடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு.

என் சொந்தக் கணிப்பு ஒன்று: பழி தீர்க்க எழுதிய பக்கம் எப்போதும் தெரிந்துவிடும். எதிராளி மட்டும் தட்டையாக இருப்பார், மற்ற எல்லோரும் உயிரோடு இருப்பார்கள். அவருக்கும் ஒரு நியாயம் எழுதிப் பாருங்கள். அவரை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இல்லை, பக்கம் நன்றாக வரும் என்பதற்காக.

எழுத நேரமும் இடமும் எங்கே கிடைக்கும்?

ஆண்டுக்கு 500 பவுண்டும், பூட்டு வைத்த தனி அறையும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுதினார். சரியான கோரிக்கை. ஆனால் அது கிடைக்கும் வரை காத்திருக்காதவர்களே அதிகம்.

ராஸ்சுந்தரி தேவி சமையலறையில் ஒரு புத்தகத்தின் பக்கத்தை ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டுத் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு வங்காளியில் முதல் சுயசரிதை என்று சொல்லப்படும் ‘ஆமார் ஜீபன்’ எழுதினார். மராத்தியில் பேபி காம்ப்ளே எழுதியதைக் கணவர் கண்ணில் படாமல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார். சல்மா பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். இரவில் குளியலறையில் ஒளிந்து எழுதிய கவிதைகள் தாயார் கை வழியாக வெளியே போயின. வை. மு. கோதைநாயகி அம்மாளுக்கு முதலில் எழுதவே வராது. தன் முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுத வைத்தார். அப்புறம் 115 நாவல்கள், சொந்தமாக ‘ஜகன்மோகினி’ பத்திரிகை. அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் பதிப்பக வேலை, இரண்டு மகன்கள், நடுவில் விடியும் முன் கிடைத்த நேரத்தில் எழுதினார்.

இவர்களைச் சொல்லிவிட்டு ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று முடிக்க எனக்கு மனமில்லை. குளியலறையில் ஒளிந்து எழுத நேர்ந்தது பெருமைக்குரிய விஷயமில்லை, அநியாயம். இவர்கள் அளவுக்குப் பிடிவாதமோ அதிர்ஷ்டமோ இல்லாமல் எழுதாமலே போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கவும் வழியில்லை.

எழுத்துத் தமிழ் சரளமாக வராது. பேச்சு மொழியில் எழுதலாமா?

தாராளமாக. ‘கருக்கு’ முழுக்கப் பேச்சு மொழிதான். அதற்காகவே அன்று சிலர் முகம் சுளித்தார்கள். அந்த அனுபவத்தை ஏட்டுத் தமிழில் போட்டிருந்தால் யாருடைய வாழ்க்கையோ போல ஆகியிருக்கும். ஒன்று மட்டும்: பேசுவதை அப்படியே இறக்கினால் வாசிக்க ஓடாது. பேச்சு போலத் தெரிய வைப்பதற்கும் நிறைய வெட்டித் திருத்த வேண்டியிருக்கும்.

எனக்கு நடக்காததை, அடுத்தவர் வாழ்க்கையை எழுதலாமா?

எழுதலாம், உழைத்தால். ராஜம் கிருஷ்ணன் கணவரின் மின்துறை வேலை காரணமாக நீலகிரியில் வாழ்ந்தவர், அங்கேதான் படகர் வாழ்க்கையை வைத்து ‘குறிஞ்சித்தேன்’ உருவானது. பிறகு உப்பளத் தொழிலாளர்களுக்காகத் தூத்துக்குடிப் பக்கம் போய் அவர்களோடு பேசிப் பழகி ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். கதாநாயகியின் சிரிப்பையும் கண்ணீரையும் விட, உப்பு பாத்தியில் காலுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அந்த நாவலில் வலிக்கிறது. ஸ்வெத்லானா அலெக்சியேவிச் இன்னொரு வழி எடுத்தார்: இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட சோவியத் பெண்கள் நூற்றுக்கணக்கானோரின் பேச்சைப் பதிவு செய்து, அவர்கள் குரல்களையே கோத்து 1985-இல் புத்தகமாக்கினார். தணிக்கை வெட்டியதைப் பிற்காலப் பதிப்பில் சேர்த்தார்.

டோனி மாரிசன் செய்தது இதற்கு மாறானது. பிடிபட்டு மறுபடி அடிமையாகப் போவதைவிடச் சாவதே மேல் என்று 1856-இல் தன் குழந்தையைக் கொன்ற மார்கரெட் கார்னர் என்ற பெண்ணின் செய்தியை ஒரு பழைய பத்திரிகையில் பார்த்தார். அந்தப் பெண்ணின் வாழ்க்கையை வேண்டுமென்றே மேலும் துருவாமல், மீதியைக் கற்பனையில் கட்டினார். அதுதான் 1987-இல் வந்த ‘பிலவ்ட்’ நாவல். எவ்வளவு தெரிந்துகொள்வது என்பதிலும் ஒரு தூரம் இருக்கிறது.

எழுதினால் மனப்பாரம் இறங்குமா?

சிலருக்கு இறங்கும். வர்ஜீனியா வுல்ஃபின் தாய் 1895-இல் இறந்தபோது அவருக்கு 13 வயது. நாற்பதைத் தாண்டும் வரை தாயின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்ததாகவும், 1927-இல் வந்த ‘கலங்கரை விளக்கத்துக்கு’ நாவலை எழுதிய பிறகு அது நின்றுவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் அப்படி அமையாது. எழுத எழுத தூக்கம் போகிறது, பழைய பயம் திரும்புகிறது என்றால் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். புத்தகம் காத்திருக்கும்.

எழுதி வெளியிட்ட பிறகு, தவறாகப் பார்த்துவிட்டேனோ என்று தோன்றினால்?

மறுபடி எழுதுங்கள். ப. சிவகாமி 1989-இல் ‘பழையன கழிதலும்’ நாவலை வெளியிட்டார். 1997-இல் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொன்று எழுதினார். அதில் ஒரு நாவலாசிரியை தன் முதல் நாவலைத் தானே குறுக்கு விசாரணை செய்கிறார்: யாரை எப்படிக் காட்டினாள், எதை விட்டாள், ஏன் விட்டாள். தன் எழுத்தை இப்படி நடுவீதியில் நிறுத்திக் கேள்வி கேட்ட தமிழ் நாவல்கள் அதிகமில்லை.

எங்கே தொடங்குவது?

பிறந்த தேதியில் வேண்டாம். ஏன் என்று தெரியாமலே பல வருடமாக ஞாபகத்தில் இருக்கும் ஒரு சின்ன விஷயம் இருக்கும். ஒரு நாற்காலி, யாரோ பாதியில் நிறுத்திய வாக்கியம், பூட்டியிருந்த ஒரு அலமாரி. அதை ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு அதையே ‘நான்’ என்பதை ‘அவள்’ என்று மாற்றி இன்னொரு முறை எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் உங்களுக்கே தெரியாத ஒன்று வெளியே வந்ததோ, அதைத் தொடருங்கள்.

முடித்ததை முதலில் யாரிடம் காட்டலாம்?

அதில் இடம்பெறாத ஒருவரிடம். ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொல்பவராக இருக்கக்கூடாது. எங்கே சலித்தது, எங்கே புரியவில்லை, எந்த இடத்தில் நம்பவில்லை என்று மூன்றை மட்டும் கேளுங்கள். நம்பவில்லை என்று அவர் காட்டும் இடம் பெரும்பாலும் நிஜமாக நடந்ததாகவே இருக்கும். அங்கேதான் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.